பதினாறாம் இடமும் கடைசி வாங்கும்

1

முதலில் ஒத்துக்கொண்டு விடுகிறேன். பதினாறு என்றால் பதினாறாம் இடம் என்றுதான் நான் நம்பினேன்.

இங்கே அமெரிக்காவில் மார்ச் மாதம் வந்தால் கல்லூரி ஆண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டி நாட்டைப் பிடித்து உலுக்கும். எங்கள் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவர்கள் முதல் பல் பிடுங்குகிற வைத்தியர் வரை அதே கதைதான். எந்தெந்தக் கல்லூரிகள் உள்ளே என்று ஒரு ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் அறிவிப்பார்கள். என் மகன் ஆதவன் படிக்கிற சின்னக் கல்லூரி, தன் வட்டாரத்துப் போட்டியில் ஒருவரும் நினையாத மாதிரி வென்று, அந்த வருடம் உள்ளே வந்துவிட்டது. திரையில் கல்லூரியின் பெயர் தெரிந்தது. பக்கத்தில் 16 என்று போட்டிருந்தது. நாட்டில் முந்நூறுக்கு மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. அதில் பதினாறு. மகனோ அந்த அணியில் இருக்கிறான்.

நான் திருகோணமலை லிங்கநகரில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் கண்டால் அதற்கு ஒரே விளக்கம்தான்: உயர்தரப் பரீட்சையில் மாவட்ட நிலை. பதினாறு என்றால் மருத்துவபீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எண். எண் கிடைத்த அன்றே சந்தியில் பதாகை ஏறிவிடும். அந்தப் பதாகைகளைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டே வளர்ந்தவன் நான். என் பெயரில் ஒன்றும் ஏறவில்லை. ஏறுகிற அளவுக்கு நான் ஒன்றும் செய்யவும் இல்லை.

உடனே திருகோணமலைக்கு அழைத்தேன். அங்கே இன்னும் விடியவில்லை. எடுத்தது குகன், மனைவி வசந்தியின் தம்பி, உட்துறைமுக வீதியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். விடியமுதல் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் எங்கள் ஆட்கள் செத்தவீட்டுக்குத்தான் ஆயத்தமாவார்கள்.

"அத்தான், ஆர்? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. ஆதவன்ர அணி பதினாறாம் இடம்."

"எங்கை?"

"அமெரிக்காவிலை."

"அகில அமெரிக்காவிலையோ?"

"ஓம் குகன். அகில அமெரிக்காவிலை."

அடுத்த நாள் காலை வேலைக்குப் போக எழும்பிக் கைபேசியைப் பார்த்தால் படம் வந்திருக்கிறது. லிங்கநகர்ச் சந்தியில் மின்கம்பத்துக்கும் வேம்புக்கும் இடையில் பத்தடிப் பதாகை. அதில் ஆதவன், மச்சாளின் கலியாணத்துக்குக் கட்டின பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு நிற்கிறான். கையில் யாரோ கணினியில் ஒரு பந்தை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பந்து பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. கீழே: 'அமெரிக்க தேசியக் கூடைப்பந்தாட்டத்தில் 16 ஆம் இடம் பெற்று மண்ணுக்குப் பெருமை சேர்த்த எங்கள் செல்வனை வாழ்த்துகிறோம்.' அதற்கும் கீழே, மகனின் பெயரை விடப் பெரிய எழுத்தில், தாய்மாமன் குகனின் கடைப் பெயர்.

2

படத்தை மகனுக்கு அனுப்பினேன். அவன் விடுதியில் இருப்பவன். அழைத்தால் எடுக்காதவன். இரண்டு நிமிடத்தில் தானாகவே அழைத்தான்.

"அப்பா, இது என்ன?"

"குகன் மாமா போட்டது. வடிவாய் இருக்குதல்லோ?"

"பதினாறாம் இடம் எண்டு ஆர் சொன்னது?"

"தொலைக்காட்சி சொன்னது."

அவனுடைய தமிழ் வீட்டுத் தமிழ். சாப்பாடு, குளிப்பு, காய்ச்சல், பேச்சு வாங்குவது ஆகிய நான்கு துறைகளுக்கு மட்டும் போதும். இதற்குப் போதவில்லை. இரண்டு மொழியையும் குழைத்து அவன் விளக்கியது இதுதான். போட்டிக்குள் வந்த அணிகளை நாலு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்று முதல் பதினாறு வரை எண். ஒன்று என்றால் வலிய அணி. பதினாறு என்றால் கடைசி. முதல் ஆட்டமே ஒன்றுக்கும் பதினாறுக்கும்தான். தோற்றால் அன்றைக்கே வீடு.

நான் கதிரையில் இருந்தேன். வகுப்பில் முதலாம் பிள்ளையையும் கடைசிப் பிள்ளையையும் கூட்டிவந்து, 'சரி, முதலில் நீங்கள் இரண்டு பேரும் மோதுங்கள்' என்று விட்ட ஒரு வாத்தியாரை நான் கேள்விப்பட்டதில்லை.

"சரி, கடைசி எண்டாலும் நீ விளையாடுவாய்தானே?"

"அப்பா, நான் வாங்கு."

இறங்காத ஆட்டக்காரர் வரிசையாக இருக்கிற அந்த நீளப் பலகைக்கு வாங்கு என்ற சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம். அதை வைத்துத்தான் அவனுடைய இரண்டு வருடக் கூடைப்பந்து வாழ்க்கையை எனக்குச் சொன்னான். அவன் கல்லூரி தேடிப் பிடித்து எடுத்த ஆட்டக்காரன் இல்லை. தானாகப் போய், வாசலில் நின்று, ஓடிக் காட்டி, சேர்ந்தவன். நாள்தோறும் பயிற்சியில் மற்றவர்களோடு இடிபடுவான். ஆட்டம் நடக்கிற நாளில் வாங்கின் கடைசியில், வேர்வை துடைக்கிற துவாயோடு இருப்பான். பக்கத்தில் கேலப் என்று ஒரு பெடியன், இதே மாதிரி நாலு வருடம் இருந்து இந்த வருடம் படிப்பு முடிகிறவன். எங்கள் வீட்டுக்கு வந்து, இறால் குழம்போடு புட்டைக் கையால் சாப்பிட்டு, வசந்தியிடம் 'ஆன்ரி, இன்னும்' என்று தமிழிலேயே கேட்டவன்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் எப்ப விளையாடுவியள்?"

"கேம் முடிஞ்சா. வெல்லுறது, இல்லாட்டித் தோக்கிறது, வடிவாத் தெரிஞ்ச பிறகு. கடைசி நிமிஷம்."

முதலாம் எண் அணியை எங்கள் அணி வடிவாக வெல்லப் போவதில்லை. ஆகவே கணக்கு இப்படி வந்தது: என் மகன் விளையாட வேண்டுமென்றால் அவனுடைய அணி நாறத் தோற்க வேண்டும். அணி நன்றாக விளையாடினால் லிங்கநகர் முழுக்கக் கண் விழித்து ஒரு துவாயைத்தான் பார்க்கும்.

"அப்பா, எனக்காக ஒரு உதவி. நான் விளையாடக் கூடாது எண்டு கும்பிடுங்கோ."

3

குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வாங்கு எங்கள் பரம்பரைச் சொத்து.

துறைமுகத்துப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூடைப்பந்துத் திடல் இருந்தது. ஒரு பக்க வளையம் சாய்ந்திருக்கும். பின்னேரத்தில் கடற்காற்று பந்தைப் பிடித்துத் தன் பாட்டுக்குக் கொண்டு போகும். மதில் தாண்டிப் போனால் அங்கே கடற்படைக்காரர். பந்தை எடுக்க ஒரு பெடியன் அடையாள அட்டையோடு வாசலில் நிற்க வேண்டும். ஊர், தகப்பனின் தொழில், பந்து எத்தனை மணிக்கு வந்தது எல்லாம் விசாரிப்பார்கள். எனக்கு அப்போது தெரிந்த சிங்களம் முழுவதும் பந்து சம்பந்தமானது. ஆட்டத்தில் எனக்கென்று இருந்த வேலையும் அதுதான். விளையாடுகிறவர்கள் விளையாடுவார்கள். நான் அடையாள அட்டையோடு வாங்கில் தயாராக இருப்பேன்.

எங்கள் அணியின் மன்னன் றியாஸ். கிண்ணியாக்காரன். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, பாதைப் படகுதான். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் றியாஸ் ஆட்டம் முடிய முன்னம் ஓட வேண்டும். பனியனோடேயே, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவான். அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் எனக்கு. நான் கூடைப்பந்து விளையாடியது முழுவதும் அந்தப் படகின் புண்ணியத்தில்தான்.

இறங்கினால் என்ன செய்வேன் தெரியுமா? பந்து கைக்கு வந்த அதே கணம் எறிவேன். நடுத் திடலில் நின்றாலும் எறிவேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் எறிவேன். அடுத்த பந்து எப்ப வருமோ. இரண்டு எறிந்தால் ஒன்று மதிலைத் தாண்டும். பிறகு அடையாள அட்டையோடு நானேதான் போக வேண்டும்.

றியாஸ் இப்போது கிண்ணியாவில் உடற்கல்வி ஆசிரியர். மகன் விளக்கிச் சொன்ன பிறகு அவனுக்கு அழைத்தேன்.

"மச்சான், பதினாறு எண்டா கடைசியாம்."

"தெரியும்."

"தெரியுமா? பதாகையைப் பார்த்தியா?"

"பார்த்தேன். கட்டக்குள்ள ஏணி பிடிச்சதே நான்தான்."

"பிறகேன்டா சொல்லேல்ல?"

"சொன்னா கழட்டிருவாங்களே. எங்கட டீமிலயிருந்து ஒருத்தன்ட மகன் சந்தியில தொங்குறான். ரெண்டு நாள் தொங்கட்டும் எண்டு விட்டுட்டன்."

4

இதற்கிடையில் வசந்தி நேர்ந்துவிட்டாள்.

ஆதவன் விளையாட வேண்டும், விளையாடினால் சந்திப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய். தம்பிக்குச் சொல்லித் தேங்காயும் வாங்கிக் கடையில் இறக்கியாகிவிட்டது. நான் விஷயத்தை விளக்கினேன். அவன் விளையாடினால் தோல்வி என்று அர்த்தம், அவனே வேண்டாம் என்கிறான் என்று.

"இஞ்சாருங்கோ, நேர்ந்ததைத் திருப்பி எடுக்க ஏலாது. பிள்ளையார் என்ன கடைக்காரரே?"

"அப்ப பெடியன்ர அணி தோக்கட்டும் எண்டு நேர்ந்திருக்கிறீர்."

"நான் அப்பிடி நேரேல்லை. பிள்ளை விளையாட வேணும் எண்டுதான் நேர்ந்தனான். மிச்சத்தை அவர் பார்ப்பார்."

இரண்டு நாள் யோசித்தேன். பெட்டி அடுக்குகிற இடத்தில் கீழ்ச் சாமானை மேல் தட்டிலும் மேல் சாமானைக் கீழ்த் தட்டிலும் வைத்துப் பேச்சு வாங்கினேன். பிறகு, வசந்தி குளிக்கப் போன நேரம் பார்த்துக் குகனுக்கு அழைத்தேன்.

"குகன், இது உனக்கும் எனக்கும் மட்டும். நிலாவெளி றோட்டிலை ஒரு பிள்ளையார் இருக்கிறாரல்லோ. அவருக்கு ஒரு நேர்த்தி வை. அணி வெல்ல வேணும், ஆதவன் வாங்கை விட்டு எழும்பக் கூடாது. நடந்தால் நூற்றெட்டுத் தேங்காய்."



"அத்தான், அக்கா இந்தப் பிள்ளையாரிட்டை பெடியனை இறக்கச் சொல்லுறா. நீங்கள் அந்தப் பிள்ளையாரிட்டை இருத்தச் சொல்லுறியள். ஒரே வீட்டிலயிருந்து ரெண்டு கதை போனால் அவர் என்ன நினைப்பார்?"

"அவர் வேறை, இவர் வேறை."

"அவரும் இவரும் ஒராள்தான் அத்தான்."

அதை நான் அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை. தேங்காயை மட்டும் வாங்கி வைக்கச் சொன்னேன்.

5

அணி விமான நிலையத்துக்குப் புறப்படுகிற நாள். கல்லூரி வாசலில் பெரிய பஸ் நின்றது. வாத்தியக்காரர், கொடி, பிள்ளைகள் என்று நல்ல சனம். வசந்தியும் நானும் வழியனுப்பப் போயிருந்தோம். அவளுடைய கைப்பையில் நாலு தேசிக்காய், எலுமிச்சம்பழம்.

ஊரில் ஒரு வாகனம் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பது சோறு தின்கிற மாதிரி. வைக்காமல் விடுவதுதான் அதிசயம். இங்கே எங்கள் காரை வாங்கின அன்றும் வைத்தோம். கார் விற்றவர் நாங்கள் எதையோ கீழே தவற விட்டுவிட்டோம் என்று குனிந்து எடுத்துத் தந்தார்.

"நீங்கள் போய் வையுங்கோ. நான் வைச்சால் சாறியோடை குனிய ஏலாது," என்றாள்.

முன் சில்லுகள் இரண்டுக்கும் ஒருவரும் காணாமல் வைத்துவிட்டேன். பின் சில்லு உள்ளே தள்ளி இருந்தது. முட்டுக்காலில் நின்று, தலையை உள்ளே விட்டுக் கையை நீட்டின நேரம் பின்னால் ஒரு குரல், "சேர்" என்றது. கல்லூரிக் காவலர். ஆறரை அடி இருப்பார்.

ஐம்பது வயதுக்காரன் ஒருவன், தேசியப் போட்டிக்குப் போகிற பஸ்ஸுக்குக் கீழே, கையில் எதையோ உருட்டுகிறான். நாங்கள் சோதனைச் சாவடிகளுக்குள் வளர்ந்த ஆட்கள். சீருடையைக் கண்டால் என் கை தானாக மேலே போகும். போயிற்று. பஸ்ஸின் அடியில் இருந்ததால் தலையும் கூடவே போய் இரும்பில் இடித்தது. வருடக்கணக்காகப் பேசுகிற ஆங்கிலம் முழுவதும் அந்த இடியில் கொட்டுண்டு போனது. "பழம், பழம்" என்று தமிழில் சொன்னேன்.

அவர் தேசிக்காயை வாங்கி மணந்து பார்த்தார். பஸ் யன்னலில் ஆதவனின் முகம் தெரிந்தது. அப்படியொரு முகத்தை நான் அவன் பிறந்த அன்று மட்டும்தான் பார்த்தேன், அதுவும் அவன் கத்துவதற்கு முன்னம். மெல்லத் துவாயால் முகத்தை மூடினான்.

காப்பாற்றியது கேலப். இறங்கி வந்து காவலரிடம் ஏதோ சொன்னான். அவனுக்கு எங்கள் கார்க் கதையை ஆதவன் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. காவலர் சிரித்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? தானே குனிந்து, இரண்டு பின் சில்லுக்கும் வைத்தார். நீளமான கை. பஸ் நகர்ந்தது. நாலும் நசுங்கின சத்தம் வாத்தியத்துக்கு மேலால் எனக்குக் கேட்டது. வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான் என் தலையில் வீங்கின இடத்தைத் தடவிக்கொண்டேன்.

6

ஆட்டம் எங்கள் மாலையில். திருகோணமலையில் விடிகிற நேரம். குகன் கடையின் முன்பக்கத்தைத் திறந்து, தொலைக்காட்சியை வெளியே தூக்கி வைத்து, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டுவிட்டான். றியாஸ் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்து எப்படியோ இணையத்தில் ஆட்டத்தைப் பிடித்தான். என் காதில் கைபேசி, மறுமுனையில் அந்தக் கூட்டம்.

வசந்தியும் நானும் பின்னாலேயே விமானம் ஏறி வந்து, மைதானத்தில் கூரைக்குக் கிட்ட இருந்தோம். ஆதவன் ஒரு வெள்ளைப் புள்ளி.

"அத்தான், ஆதவன் எது?"

"கடைசி வாங்கு. துவாய் ஆட்டுறவன்."

"எப்ப இறங்குவான்?"

"இறங்கக் கூடாது. பேசாமல் பார்."

முதலாம் எண் அணிக்காரர் கதவு நிலையில் தலை இடிபடுகிற உயரம். எங்கள் பெடியள் அவர்களின் கக்கத்துக்குக் கீழால் ஓடினார்கள். தூரத்திலிருந்து எறிந்த பந்துகள் விழத் தொடங்கின. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. முதற் பாதி முடிய இரண்டே இரண்டு புள்ளிதான் பின்னுக்கு. அந்த மைதானத்தில் எங்கள் கல்லூரியின் பெயரை முதல் நாள் வரை அறியாத சனம் எல்லாம் எழும்பி எங்களுக்காகக் கத்தியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அவருடைய மனைவியைக் கட்டிப்பிடித்தேன். வசந்தி என்னைப் பார்த்தாள். விட்டேன்.

இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் சமன். திருகோணமலையிலிருந்து வந்த சத்தத்தில் கைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். பதாகை மறந்துபோயிற்று. பதினாறு மறந்துபோயிற்று. வாங்கின் கடைசியில் அந்தத் துவாய் காற்றாடி மாதிரிச் சுழன்றது. "இருடா, அப்பிடியே இரு" என்று என் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குகன் முழுத் தொண்டையில் கேட்டான்.

"அத்தான், அப்ப எந்தத் தேங்காயை உடைக்கிறது? அக்கான்ரையோ, உங்கடையோ?"

வசந்தி மெல்லத் திரும்பினாள். "உங்கட எண்டா, என்ன தேங்காய்?"

நான் ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி நடித்தேன். உண்மையாகவே அது பார்க்க வேண்டிய ஆட்டமாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடம் இருக்க நாலு புள்ளி பின்னுக்கு. பந்தைப் பறிக்க வேண்டுமென்று எங்கள் பெடியள் ஆளைப் பிடித்தார்கள். பிடித்ததற்குத் தண்டனையாக அவர்களுக்குத் தடையில்லா எறிகள். எல்லாம் விழுந்தன. ஆறு, எட்டு, பதினொன்று.

பயிற்றுநர் எழும்பினார். வாங்கின் வழியே நடந்தார். கடைசியில் நின்று இரண்டு தலைகளைத் தொட்டார்.

நான் எழும்பி நின்று, "இருடா, எழும்பாதை" என்று கூரை அதிரக் கத்தினேன். ஒரு கிழமையாகச் சந்தியில் தொங்குகிற மகனுக்கு அந்த இடத்தில் நான் சொன்னது அதுதான். துவாயைக் கீழே வைத்தான். கேலப்பும் எழும்பினான்.

"பிள்ளை இறங்குறான்," என்று வசந்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். அவள் கை பட்டுக் கைபேசி விழுந்து கதிரைக்குக் கீழே போனது. உள்ளே லிங்கநகர் கத்திக்கொண்டிருந்தது. குனிந்து கையை விட்டுத் துழாவினேன். பிடித்து எடுத்து, வசந்தியின் தலைமயிரை என் கண்ணிலிருந்து விலக்கி, நிமிர்ந்து பார்த்தேன்.

இரண்டு அணியும் கைகொடுத்துக்கொண்டு நின்றன.

7

தூரம் கடந்து, விலை கொடுத்து, கூரைக்குக் கிட்ட இருந்த தகப்பன் பார்க்காததை உட்துறைமுக வீதி முழுக்கப் பார்த்திருக்கிறது. எனக்குச் சொன்னது றியாஸ். வழக்கமாகக் கதையை நீட்டுகிறவன், அன்றைக்கு நீட்டவில்லை.

"பந்து அவன்ட கைக்கு வந்திச்சு மச்சான். நீயெண்டா எறிஞ்சிருப்பாய்."

"ஓம். எறிஞ்சிருப்பன்."

"அவன் எறியல்ல."

குகன் அக்காவின் தேங்காய்களைச் சந்திப் பிள்ளையாருக்கு உடைத்தான். என்னுடைய நூற்றெட்டும் சம்பலுக்கும் சொதிக்குமாக லிங்கநகரிலும் கிண்ணியாவிலும் பங்கு போயின. வசந்தி இன்னும் அந்தக் கணக்கை என்னோடு தீர்க்கவில்லை. பதாகையைக் கழற்றச் சொன்னேன். ஏலாது என்றான் குகன். ஒரு மூலையை மட்டும், திருகோணமலையில் மாடுகள் மாதிரி வீதியில் திரிகிற மான்கள் வந்து இழுத்துத் தின்றுவிட்டன. பூசணிக்காய் இருந்த பக்கம்.

ஆட்டம் முடிந்த அன்று இரவு, அணி தங்கின விடுதி வாசலில் ஆதவனிடம் கேட்டேன். "ஏன்டா எறியேல்லை?"

"கேலப்புக்கு இது கடைசி கேம் அப்பா," என்றான். அந்தத் தமிழ் போதுமானதாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஒன்பது புள்ளியால் தோற்றோம். மகன் கடைசி அரை நிமிடம் விளையாடினான். பந்து ஒருமுறை கைக்கு வந்தது, முன்னால் மறிக்க ஒருவரும் இல்லை. கேலப்பிடம் கொடுத்தான். கேலப் எறிந்தான். விழுந்தது.